அப்புறம் பேசலாம்

தாழ்ப்பாள் அசையவே மாட்டேன் என்றது. மகள் முதலில் விரலால் தள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையால் குத்திப் பார்த்தாள். கடைசியில் கட்டிலுக்கடியில் கிடந்த அப்பாவின் செருப்பை எடுத்து அதன் தலையில் ரெண்டு போடு போட்டாள். கடக்கென்று இறங்கியது.

"யாரும் வர மாட்டாங்கல்ல?" என்றாள் அம்மா.

"வர மாட்டாங்க. நீ பேசும்மா."

அப்பா கண்மூடிக் கிடந்தார். மூச்சு நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் நாடியைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "கீழ சொல்லிடட்டுமா?" என்று கேட்டபோதுதான் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க டாக்டர். கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க. அப்புறம் அவர் உங்க எல்லாருக்கும்தான்."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. சொன்ன அடுத்த நிமிஷம் மாடிப்படி தாங்காது. கட்சிக் கொடியைப் போர்த்துவார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள், பெரிய மண்டபத்தில் வைப்பார்கள். அம்மாவுக்கு ஓரமாக ஒரு நாற்காலி கிடைக்கும். யாராவது மாவட்டச் செயலாளர் வந்தால் அதையும் எழுந்து கொடுக்க வேண்டியிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனோடு தனியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை அவள். இன்றைக்கும் விட்டுவிட்டால் இனி எப்போது? எப்படியாவது அம்மாவுக்கு இந்த நேரத்தை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு வாய்த்த நாளைப் பாருங்கள். கீழே வீடு கொள்ளாத கூட்டம். வாக்கு எண்ணிக்கை நாள். டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அப்பா பிரசாரத்துக்கே போகாமல், படுத்த படுக்கையாகவே ஜெயித்துவிட்டார். எந்தப் பக்கத்துக்கும் மெஜாரிட்டி வராது போலிருந்தது. அப்பா கைகாட்டும் பக்கம் போவதற்கென்றே ஆறேழு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். ஆக, யார் ஆட்சிக்கு வருவது என்பது இந்தக் கட்டிலில் இருந்தது.

கதவை யாரோ தள்ளினார்கள். திறக்கவில்லை என்றதும் வெளியே கிசுகிசுவென்று பேச்சு கிளம்பியது.

அதற்குக் காரணம் உண்டு. இந்த அறைக் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. அப்பா முகச்சவரம் பண்ணும்போதுகூட எதிரில் நாலு பேர் மனுவோடு நிற்பார்கள். தாழ்ப்பாள் போட்டது சில தடவைதான், அந்த ஒவ்வொரு தடவையும் ஓர் ஆட்சி கவிழ்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் அப்பாவுக்கு இலாகா மாறியிருக்கிறது. கட்சிக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

"பாப்பா!" வெளியே அப்பாவின் உதவியாளர். அவருக்கு மைக் என்று பெயர், ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்வார். பாப்பாவுக்கு நாற்பது வயதாகிவிட்டதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "உள்ள பேச்சுவார்த்தை நடக்குதா பாப்பா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணே, பேச்சுதான் நடக்குது," என்றாள் மகள். பொய் இல்லையே!

"போன்லயா? யாரு, எதிர்த்தரப்பா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அரசியல்காரர்களுக்கு அது போதும். "புரிஞ்சுது பாப்பா, புரிஞ்சுது! நான் ஒண்ணும் கேக்கல!" என்று மைக் படியில் தடதடவென்று இறங்குவது கேட்டது.

"எப்பப் பாத்தாலும் அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "இதான் அந்த அப்புறம். கேட்டுக்கோங்க. நீங்க குடிநீர் மந்திரியா இருந்தப்போ நம்ம வீட்டுக் குழாயில வெறும் காத்துதான் வந்துச்சு. பக்கத்து வீட்டுல போய்க் குடம் தூக்கினேன். மந்திரி பொண்டாட்டியான்னு அந்தம்மா சிரிச்சா. அடுத்து கல்வி. இவ எந்த கிளாஸ் படிக்கிறான்னு பத்திரிகைக்காரன் கேட்டதுக்கு என்னைத் திரும்பிப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு உப்பே போடாம சாப்பாடு போட்டேன். அதையும் கவனிக்கல!"

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும். இரண்டையும் புடவைத் தலைப்பால் அமுக்கிக்கொண்டாள். அம்மா இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

டாக்டர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பால்கனிப் பக்கம் போய் நின்றார். வாசலில் நின்ற கூட்டம் அவரைப் பார்த்துவிட்டது. யாரோ ஒருவன் கையை ஆட்டினான். பழக்கதோஷத்தில் இவரும் ஆட்டிவிட்டார்.

அவ்வளவுதான், பேச்சு பலித்துவிட்டது என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. "ஓ!" என்று தெருவே அதிர்ந்தது. பட்டாசு வெடித்தது. மகளின் கையிலிருந்த போனில் செய்தி ஓடியது: மூத்த அமைச்சர் மூடிய அறையில் ஆலோசனை. அது முடிவதற்குள் அடுத்தது: ஆட்சி அமைப்பதில் திருப்பம்.

"ஐயோ டாக்டர், என்ன பண்ணிட்டீங்க!"

"தெரியாம ஆட்டிட்டேன்மா," என்று அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

மறுபடியும் படியில் ஓட்டம். கதவில் படபடவென்று தட்டல். மைக்குக்கு மூச்சு வாங்கியது. "பாப்பா! தலைவரே போன் பண்ணிட்டாரு! ஐயா எதிர்த்தரப்போட பேச வேண்டாமாம். துணை முதலமைச்சர் பதவி! இத்தனை வருஷமா தர மாட்டேன்னு சொன்னாங்களே, அதேதான்! தலைவர் நேர்ல கிளம்பி வந்துட்டிருக்காரு. ஐயா காதுல போடு!"

மகள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இதற்காக அப்பா எத்தனை பேர் வாசலில் நின்றார்! எத்தனை வெயில், எத்தனை மேடை! கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்து வாங்கிவிட்டாரே.

"கேட்டீங்களா?" என்றாள் அம்மா அவரிடம். "குடுக்கறாங்களாம். அதுவும் அப்புறமாத்தான்." அவருடைய வகிடு சரியாக வரும்வரை தலையை வாரினாள். பிறகுதான் அவள் குரல் உடைந்தது. "உங்க மேல கோபம்னு நினைக்காதீங்க. நீங்க இல்லாத வீட்டுல யாரோட பேசறது? அதான் எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தேன்."

தூரத்தில் சைரன் கேட்டது. இனியும் மறைப்பது நடக்காத காரியம். தலைவர் வந்து கதவு முன்னால் நின்றால் திறக்காமல் இருக்க முடியுமா?

"அம்மா, போதுமா?"

"இன்னும் பாதிகூட ஆகல," என்றாள் அம்மா குழந்தை மாதிரி.

மகள் தாழ்ப்பாளை நீக்கி, மைக்கை மட்டும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவர் பூங்கொத்தும் கையுமாக, சிரித்த முகத்தோடு கட்டிலைப் பார்த்துக் குனிந்தார். "ஐயா, சாதிச்சிட்டீங்க..." என்று ஆரம்பித்தவர் நிமிரவில்லை. பூங்கொத்து மட்டும் மெல்ல ஆடியது. முப்பது வருஷமாக அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அர்த்தம் சொல்லத் தெரிந்தவர் அவர். அவரிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, நான்தான் மறைச்சேன்," என்றாள் மகள். "அம்மாவுக்குக் கொஞ்சம் பேசணும்னு..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். சீப்பு அவள் கையிலேயே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் வேணும்மா?"

அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா மகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "கொஞ்சம்," என்றாள்.

மைக் பூங்கொத்தை மேசையில் வைத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒருதடவை தொண்டையைக் கனைத்து, வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். மகள் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழே கார்க் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. வாழ்க கோஷம் மேலே ஏறிவந்தது. படி நிறையக் காலடிகள்.

"அங்கேயே நில்லுங்க!" என்று மைக்கின் குரல் தெருக்கோடிவரை போயிற்று. "உள்ள பேச்சு நடந்துட்டிருக்கு. யாரும் மேல வரக்கூடாது!"

"யோவ், தலைவர் வந்திருக்காருய்யா!"

"தலைவருக்கு ஒரு நாற்காலி போடுங்க. காத்திருக்கட்டும்!"

கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அம்மா சீப்பைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டிலின் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்திருந்தவள், நகர்ந்து நகர்ந்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எதுல விட்டேன்?" என்று மகளைக் கேட்டாள்.

"கல்வி மந்திரி."

"ஆங்," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் மின்சாரம் குடுத்தாங்க."