இறங்கிக்கொண்டிருந்த எண்

"இன்னிக்கி வேணாம் ஃபாதர். அவளுக்கு நம்பர் இறங்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு லாயிட் போனை வைத்தான்.

ஐசியூ வாசல் நாற்காலியில் இருந்த அவன் மாமியார் குளோரியாவின் விரல்கள் ஜெபமாலையில் நின்றன.

"யாரைக் கேட்டு வேணாம்னு சொன்ன?"

"ஃபாதர் நோயாளிக்குப் பூசுற எண்ணெயோட வந்து நின்னா அன்னா என்ன நெனப்பா மம்மி? பயத்துலயே போயிடுவா."

"பூசுறது சாகறதுக்குன்னு எவன் சொன்னான்? சொகமாகறதுக்குத்தான் பூசுறது. உங்க காலேஜ்ல இதெல்லாம் சிலபஸ்ல இல்ல போல."

"அவ டாடிக்குப் பூசின அன்னிக்கேதான போனாரு?"

"பூசினதால போகல லாயிட்."

அவன் மனைவி அன்னாவுக்கு நிமோனியா. ஃப்ளூவில் தொடங்கியது. பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டதா என்று அறிய டாக்டர் நிருபமா அவள் ரத்தத்தில் பிசிடி என்ற ஒன்றை அளந்துகொண்டிருந்தார். பாக்டீரியா இருந்தால் அது ஏறுமாம். முதலில் ஏறியது. மருந்து போட்டதும் இறங்கத் தொடங்கியது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற லாயிட் அதைப் போனில் கோடாக வரைந்து வைத்திருந்தான். தினமும் ஒரு புள்ளி. சரிந்துவரும் அந்தக் கோட்டைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். கேட்டவர்களுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒப்ரே ஹோகி சார்," என்று கன்னடத்தில் சொல்லி செக்யூரிட்டி அவனை மட்டும் உள்ளே விட்டார்.

முகத்தை இறுக்கிய மாஸ்க்குக்குள் அன்னாவின் உதடுகள் வெடித்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. அவனைப் பார்த்ததும் கேட்டாள்.

"நம்பர்?"

உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினான். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். பிறகு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு:

"ஃபாதர் வராரா?"

"ச்சே, அதெல்லாம் எதுக்கு? நாளைக்கே வார்டுக்கு வந்துடுவ பாரு."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பயம் போய்விட்டது என்று நினைத்தான்.

மதியம் டாக்டர் நிருபமா அவனைத் தனியே அழைத்தார்.

"பிசிடி இன்னும் குறைஞ்சிருக்கு."

"அப்போ நல்லதுதானே டாக்டர்?"

"பாக்டீரியா வரைக்கும் நல்லது. எதனால வந்ததுன்னு கண்டுபிடிக்கத்தான் அது உதவும். இவங்க லங்ஸ் வைரஸாலயே கெட்டுப்போச்சு. அதுக்கு பிசிடி ஏறாது. எங்க போய் முடியும்னு பாக்கறதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. லாக்டேட்னு. அது காலைலேர்ந்து ஏறிட்டே போகுது. நேத்தே சொன்னேனே, லாயிட்."

நேற்று அவர் சொன்னது நினைவிருந்தது. "குறையுது, ஆனா..." என்று ஆரம்பித்தார். அந்த 'ஆனா'வுக்குள் அவன் போனை எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப டியூப் போடப் போறோம். யாரையாவது வரச் சொல்லணும்னா சொல்லிடுங்க."

வெளியே வந்து, குளோரியாவின் முன்னாலேயே ஃபாதருக்குப் போன் செய்தான்.

"நீங்க வேணாம்னதும் தூரத்துல, அத்திபெலேல ஒரு வீட்டுக்கு வந்துட்டேன்ப்பா," என்றார் ஃபாதர். "தோ, கிளம்பிட்டேன்."

குளோரியா எழுந்து நின்றுகொண்டாள். அதன்பின் உட்காரவேயில்லை.

உள்ளே எதுவோ விடாமல் கூவியது. நர்ஸ் ஒருத்தி ஓடினாள். கதவு ஆடி நின்றது. போன் அடித்தது: எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியாச்சு. லாயிட் லிஃப்ட் வரை நடந்துபோய்த் திரும்பினான். மறுபடி அடித்தது. "சில்க் போர்டுல நிக்கறேன்ப்பா. ஒரு வண்டி நகரல."

"நடந்தாவது வரச் சொல்லு," என்றாள் குளோரியா. அடுத்த நிமிடம் அவளே, "வேணாம். எப்படி முடியும்," என்றாள்.

கதவு திறந்தது. டாக்டர் நிருபமா மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் பேசுவதற்கு முன்பே குளோரியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஃபாதர் ஹெல்மெட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். அன்னாவின் முகத்தில் மாஸ்க்கின் தடம் மட்டும் இருந்தது. ஃபாதரின் கை எண்ணெய் இருந்த சட்டைப்பைக்குப் போய், வெறுமனே வெளியே வந்தது.

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா..."

"தெரியும் ஃபாதர். ஜெபம் சொல்லுங்க."

லாயிட் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பையில் போன் அதிர்ந்தது. காலையில் அனுப்பிய கோட்டுக்கு யாரோ கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, அடுகோடியில் அவர்கள் வீட்டில் சவப்பெட்டி வருவதற்கு முன், பெண்கள் அறையைச் சாத்திக்கொண்டு அன்னாவுக்குக் கல்யாணப் புடவை கட்டினார்கள். லாயிட் ஹாலில் நின்றான். தோளைத் தொட்டவர்களுக்குத் தலையசைத்தான். கதவு கொஞ்சம் திறந்து குளோரியா வெளியே வந்தாள். கையில் சீப்பு.

"தலை வாரணும். எண்ணெய் எங்க வெச்சிருக்கா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. குளியலறை அலமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். அவள் மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. டிசம்பர் குளிரில் தேங்காயெண்ணெய் அடிவரை வெள்ளையாக உறைந்திருந்தது.

"குடுங்க மம்மி."

பாட்டிலை வாங்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு, அறை வாசலிலேயே உட்கார்ந்தான். குளோரியா சீப்போடு பக்கத்தில் நின்றாள். தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. விரல்களை விலக்கிப் பார்த்தான். ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, மெல்லியதாக ஒரு கோடு தெளிந்திருந்தது. மறுபடி பொத்திக்கொண்டான்.