உலைக்குள் போன ஊன்றுகோல்

"மண்ணுல அவ்வளவு அலுமினியம் இருக்குன்னா, ஏம்ப்பா கண்ணுக்குத் தெரியல?"

உலைக்காரரின் மகள் எட்டு வயதில் கேட்டது இது. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய அலுமினியத்தை உருக்கும் பட்டறையில் இருபது வருடம் நின்றவருக்குப் பதில் தெரியும்.

"அது தனியா இருக்காதும்மா. ஆக்சிஜனைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, பாக்சைட்டுன்னு ஒரு செவப்புக் கல்லுக்குள்ள உட்கார்ந்திருக்கும். கல்லைச் சுத்தம் பண்ணி வெள்ளைப் பொடியாக்கணும். அப்புறம் ஏகப்பட்ட மின்சாரம் பாய்ச்சணும். நாலு டன் கல்லுக்கு ஒரு டன் தேறும்."

"பழசை உருக்கினா?"

"அந்தச் சக்தியில இருபதுல ஒரு பங்கு போதும்."

"அப்போ நீங்க நல்லவர்தான்" என்றாள், அதுவரை சந்தேகம் இருந்ததுபோல.

மறுநாள் அந்த நல்லவர் எதிர்க்கடைத் தையல்காரரின் ஊன்றுகோலை உருக்கிவிட்டார்.

தையல்காரர் ஓட்டைச் சட்டி ஒன்றை எடைக்குப் போட வந்தவர். ஊன்றுகோலைப் பழைய சாமான் குவியலோரம் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் கண்ணயர்ந்தார். உலைக்காரர் அதையும் பழசு என்று எடுத்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை; அலுமினியம்தான். அடியில் இருந்த ரப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரும்புத் திருகுகளைப் பிடுங்கினார். குழாயை உலையில் போட்டார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

தையல்காரர் விழித்து, பெஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உலையைப் பார்த்தார்.

"உள்ளயா?"

"உள்ளதான்ண்ணே."

"எடையாவது போட்டியா?"

"இல்லண்ணே."

அந்த நேரம் முதலாளி உள்ளே வந்தார். போன மாதம் அவருடைய ஏணியும் இப்படித்தான் உலைக்குள் போயிருந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்.

"என்ன, கைத்தடி இல்லாம வந்திருக்கீங்க?"

"பஸ்ஸுல விட்டுட்டேன்" என்றார் தையல்காரர்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். தெருவைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. உலைக்காரர் அவ்வளவு நேரமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் குவியலைக் கிளறி, ஒடிந்த மடக்குக் கட்டிலின் வளையாத குழாய் ஒன்றைக் கண்டெடுத்து, முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் உயரம்? ஊருக்கே அளவெடுப்பவருக்கு யார் அளவெடுத்தார்கள்? நல்ல வேளை, தையல்கடைச் சுவரில் ஊன்றுகோல் வருடக்கணக்காகச் சாய்ந்து தேய்த்த தடம் இருந்தது. அதை நூல் பிடித்து அளந்தார். அந்த அளவுக்குக் குழாயை அறுத்து, மேலே ஒரு கைப்பிடி பொருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தது. தெருவில் யாரும் இல்லை. புதிய ஊன்றுகோலில் பழைய ரப்பரை மாட்டி, சுவரில் சாய்த்தார். கைப்பிடி அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.