சிவப்பு விளக்கு அணையாத சென்சார்

சால்ட்டோ ஊரிலேயே பெரிய வாய் எல்பியோவின் வாய். போன ஞாயிறு பந்துருட்டுக் கழக விருந்தில் மேசைமேல் ஏறி நின்று சத்தியம் செய்துவிட்டார்: "புதுப் பெயர்ப்பலகையை என் சிஎன்சி மெஷின் செதுக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மாட்டலைன்னா, வருஷம் பூரா கழகத்தோட இறைச்சி சுடுற கம்பியை நான்தான் தேய்ப்பேன்!" ஒரே நேரத்தில் நாலு மாடு படுக்கக்கூடிய கம்பி அது.

இன்று சனிக்கிழமை, மணி ஒன்பது. செதுக்க வேண்டிய பலகை தயார். கொட்டகையில் தன் கையாலேயே கட்டிய, கணினி சொல்படி செதுக்கும் மெஷின்தான் சண்டித்தனம் செய்தது. வேலையைத் தொடங்குமுன் அது தன் மூலைக்குப் போய், உலோகம் கிட்டே வந்தால் கண்டுகொள்ளும் சென்சாரிடம் ஆஜர் சொல்ல வேண்டும். சென்சாரோ எதுவும் வராமலே சிவப்பு விளக்கை எரித்தது. கட்டுப்பாட்டு போர்டு அதை நம்பி, நகரமாட்டேன் என்றது.

சென்சாருக்கு மூன்று ஒயர். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு ஒயர், போர்டுக்குக் கோள் சொல்வது. நாற்பது வருஷம் ரயில்வே எலக்ட்ரீஷியனாக இருந்த எல்பியோ அந்த மூன்றையும் பதினேழு முறை கழற்றி மாட்டினார். மாட்டியதும் ஒவ்வொரு முறையும் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையை எடுத்து, வெள்ளிக்குழலில் ஒரு இழுப்பு. விளக்கு அணையும். "சரியாயிடுச்சு!" என்று கூவி, குடுவையை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். விளக்கு எரியும்.

"சனியன் பிடிச்ச சென்சார்!"

மனைவி டெல்மிரா வாசலில் சாய்ந்து இரண்டு சுற்று வேடிக்கை பார்த்தாள். "கிழவா, நீ குடிக்கிறப்ப மட்டும் அது அணையுதே, கவனிச்சியா?"

"அதுக்கும் தாகமா இருக்கும், போடி."

"குடுவையை எங்க வைக்கிற?"

எல்பியோ குனிந்து பார்த்தார். மெஷின் மூலையில் குடுவை. அதிலிருந்து நீண்ட வெள்ளிக்குழல், சென்சாரின் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தது.

"குடுவையை யாரு சந்தேகப்படுவா? அது சாமான் இல்லையே கிழவி, எப்பவும் ஒட்டிக்கிட்டிருக்கிற என் கைதானே!"

"அந்தக் கையைக் கழட்டி எங்கிட்ட குடு."

கொடுத்தார். மெஷின் சமர்த்தாக மூலைக்குப் போய் ஆஜர் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் செதுக்கித் தள்ளியது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு எல்பியோ வெறுங்கையோடு நின்றது அன்றுதான்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பலகை கழக வாசலில் ஏறியது. "ஏன் இவ்வளவு நேரம், என்னப்பா கோளாறு?" என்றார் கழகத் தலைவர்.

"ஒயரிங். ரொம்ப நுணுக்கமான வேலை" என்றார் எல்பியோ.

டெல்மிரா அவர் காதருகே குனிந்தாள். "வருஷம் பூரா நம்ம வீட்டு இறைச்சிக் கம்பியை நீ தேய்ச்சா, நானும் அது ஒயரிங்னே சொல்றேன்."

மறுநாள் காலை எல்பியோ கொல்லையில் கம்பி தேய்த்துக்கொண்டிருந்தார்.