யோகராஜா காப்பாற்றிய தோட்டம்

சுவிஸ் லாங்கன்தாலில் எந்தத் தமிழ்ப் பிள்ளை பெரியவளாகிச் சாமத்திய வீடு வைத்தாலும் மேடைச் சோடனை யோகராஜாதான். மேடையில் ஒரு பூ தலை சாய்ந்தால் போதும், பாய்ந்து போய் அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒன்றைச் செருகிவிடுவார். கராஜ் நிறையப் பிளாஸ்டிக் பூ. உயிருள்ள செடியைப் பற்றி மட்டும் மனுசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அது தெரிந்தவர் மனைவி தில்லைநாயகி. தோட்டச் சங்கம் வாடகைக்கு விட்ட துண்டு நிலத்தில் கோடை முழுக்கப் பயித்தங்காயும் கத்தரியும் காய்த்துக் கொட்டும். வேலை முடிந்து அங்கே வந்து நின்றால்தான் அவருக்கு மூச்சே வரும். ஆனால் போன குளிர்காலம் வெறும் தடிகள்தான் மிச்சம். சங்கத் தலைவி ஃபிராவ் கெர்பர் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அடுத்த குளிர்காலமும் இப்படிச் செத்துக் கிடந்தால், காத்திருக்கும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம்."

ஆகவே இருவரும் செடிக்கடைக்குப் போனார்கள். யோகராஜா நேரே போய் சிவப்பாய்ப் பூத்திருந்த ஒரு செவ்வரத்தையைக் கட்டிப்பிடித்தார்.

"எவ்வளவு வடிவாயிருக்கு! இதை எடுப்பம்."

"ஓம், எடுத்து ஸ்னோவுக்கை வையுங்கோ. விடியச் செத்தவீடு செய்யலாம்."

தில்லைநாயகி குளிர் தாங்குவதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். சுருட்டை இலைக் கோவாச் செடி, சிவப்புக் காய் காய்க்கும் ஒரு புதர், பனியிலும் வெள்ளையாகப் பூக்கும் கிறிஸ்ட்ரோஸ் ஒரு தட்டு நிறைய. கிறிஸ்ட்ரோஸைக் காட்டிக் கடைப் பெண் ஜெர்மனில் நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினாள். "யா, யா" என்று யோகராஜா தலையாட்டினார். அவர் நினைப்பெல்லாம் பார்க்கிங் நேரம் முடியப்போகிறதே என்பதில் இருந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஃபிராவ் கெர்பர் பார்வையிட வருவதாக இருந்தது. தில்லைநாயகிக்கு அன்று காலை வேலை. "ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா பாத்தால் காணும். நான் வேலையாலை நேரை வாறன்."

போனவர் திகைத்துப்போனார். இரவு கடும் உறைபனி. கிறிஸ்ட்ரோஸ் அத்தனையும் நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடந்தன. ஐயோ, குடி கெட்டுது! பிடுங்கப் பார்த்தார், மண் கல்லாக இறுகி அசையவேயில்லை. மனுசனின் கை பழகிய வேலையைச் செய்தது. கராஜுக்கு ஓடி, பொன் தூள் தூவிய சிவப்பு பிளாஸ்டிக் ரோசாக்களை அள்ளிவந்து, ஸ்குரூ டிரைவரால் துளை போட்டு, வரிசையாக நட்டுவிட்டார். தள்ளி நின்று பார்த்தால் மணவறை தோற்றது.

அப்போது வெயில் வந்தது. காலடியில் ஏதோ அசைந்தது. ஒரு கிறிஸ்ட்ரோஸ் மெல்லத் தலையைத் தூக்கியது. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு எல்லாமே, ஒன்றும் நடக்காததுபோல.

பிளாஸ்டிக்கைப் பிடுங்கக் குனியவும், படலையில் ஃபிராவ் கெர்பரும் தில்லைநாயகியும் ஒன்றாக வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஃபிராவ் கெர்பர் கோவாவைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், கிறிஸ்ட்ரோஸைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு குனிந்து ஒரு சிவப்பு ரோசாவைக் கிள்ளினார். கையுறையெல்லாம் பொன் தூள்.

"இது என்ன இனம்?"

யோகராஜா ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். செடிக்கடையில் அவர் பொறுக்கிய ஒரே சொல்தான் வாயில் வந்தது. "வின்டர்ஹார்ட்."

குளிர் தாங்குமாம்! ஃபிராவ் கெர்பர் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "நிலம் உங்களுடையதுதான். ஆனால் இந்த இனம் இன்றைக்கே வெளியே போகவேண்டும்."

அவர் போனதும் தில்லைநாயகி திரும்பினார். "கடும் குளிருக்குப் படுக்கும், வெயில் பட எழும்பும் எண்டு கடையிலை அந்தப் பிள்ளை சொல்லேக்கை யா யா எண்டனீங்களெல்லே?"

"செத்துப்போச்செண்டு நினைச்சன். தோட்டமும் போனால் நீ உடைஞ்சு போயிடுவாயெண்டு பயந்திட்டன்."

தில்லைநாயகியின் கண் கலங்கியது. பிறகு குனிந்து பிளாஸ்டிக் ரோசாக்களைப் பிடுங்கி அவர் கையில் அடுக்கினார்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு நான் காய்ச்சலெண்டு படுத்தாலும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ. உடனை கராஜுக்கு ஓடாதேங்கோ."