தங்கபாண்டியின் இன்னொரு கால்

போன மார்ச்சில் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு பால்கனி பதினொரு நாள் வீடில்லாமல் காற்றில் நின்றது. இரண்டாம் மாடி உயரம். அதன்மேல் தங்கபாண்டி இருந்தான். தீயணைப்புக்காரர்கள் எந்த ஏணியை நீட்டினாலும் மூன்றடி குறைந்தது. பால்கனி தினமும் ஓர் அங்குலம் சரிந்தது. கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அவனை எழுதியவள் ஆர்ஷா. இயற்பியல் படித்துவிட்டு ஐ.டி. பார்க்கில் டெஸ்டிங் வேலை பார்த்தாள். இணைய இதழில் வந்த அவளுடைய கதையில், சங்கரன்கோவிலிலிருந்து வந்த, கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் கொடுக்கிற சென்ட்ரிங் தொழிலாளி தங்கபாண்டி, புது பால்கனியைத் தாங்கிய முட்டுக்கம்புகளைச் சுவர்ப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மேலே ஏறி நின்று பீடி பற்றவைப்பான். கான்கிரீட் இறுக எத்தனை நாள், எவ்வளவு எடை தாங்கும் என்று படித்துக் கணக்கெல்லாம் போட்டிருந்தாள். வேலை தெரிந்த ஆள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்பதென்றால் பேச வேண்டும், அது அவளுக்கு வராது. கதை வெளியான காலையில் விடுதி ஜன்னல் வழியே பார்த்தபோது, தான் கதையில் அவனுக்குக் கொடுத்த நீலச் சட்டை தெரிந்தது. “எழுதுன புள்ள நீதானா? பீடி தீந்துட்டு. எறங்க வழி எழுதும்மா” என்று கத்தினான்.

ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றியதாக எழுதினாள். பால்கனி ஒரேயடியாக நான்கு அங்குலம் சரிந்தது. அழித்துவிட்டாள். பத்தாம் நாள் அவன் கான்கிரீட்டில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அன்று ஆர்ஷா பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய், மணல் குவியலருகே முக்கால் மணி நேரம் நின்றாள். சித்தாள் உலகம்மாள் சட்டியை இறக்கிவைத்து, “என்ன மோளே, வேலைக்கா? சிமிண்ட தொட்ட கை மாதிரி இல்லியே” என்றாள். ஆர்ஷா கதையை வாசித்துக் காட்டினாள்.

“செவுத்துப் பக்கமிருந்தா? எந்தக் கோட்டிக்காரன் சொன்னான்?”

“நான்தான் எழுதினேன்.”

“நுனியிலருந்து கழட்டி செவுத்துக்கு வரணும்ட்டி. கழட்டுனதும் ஒடனே எவனும் போய் நடுவுல நிக்க மாட்டான். ஒத்தக் கால மட்டும் வச்சுப் பாப்பான். இன்னொரு காலு வீட்டுக்குள்ள இருக்கும். பயம் உண்டுல்லா?”

பயம் அவள் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஆர்ஷா அன்று மாலையே திருத்தினாள். தங்கபாண்டி நுனியிலிருந்து கழற்றினான், பிறகு பயந்தான், ஒரு காலை மட்டும் வைத்தான். இன்னொரு கால் நிற்க ஓர் அறை தேவைப்பட்டது. அறைக்குச் சுவர், சுவருக்குக் கீழ்த்தளம், அதற்கு அஸ்திவாரம். ஒவ்வொன்றுக்கும் உலகம்மாளுக்குப் போன் செய்தாள். விடியும்போது பால்கனிக்குப் பின்னால் வீடு இருந்தது. தங்கபாண்டி காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் படிக்கட்டு எழுத மறந்திருந்ததால், அவன் அங்கே இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. விடுதிப் படிகளின் உயரத்தை ஆர்ஷா டேப் பிடித்து அளந்துவந்து எழுதினாள். அவன் இறங்கிவந்து டீ குடித்துவிட்டு, உலகம்மாள் இருந்த இடத்தில் வேலை கேட்டான். ஆள் குறைவாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள்.