வாஃபோவிடம் ஒரு கேள்வி

"அழறவளைத் தனியா நிறுத்து!" என்று சிப்பாய் கத்தியதும் மச்சிந்தா வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டாள். அழுகையை அடக்க வேறு வழி தெரியவில்லை. சந்தைக் கம்பத்தின் உச்சியில் அவளுடைய அண்ணன் வாஃபோவின் தலை இருந்தது.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய பிறகும் வாஃபோ காட்டைவிட்டு வரவில்லை. "கொடிதாண்டி மாறியிருக்கு, ஆளு மாறல" என்பான். புதிய அரசுக்கு அவன் கொள்ளைக்காரன். பாதி ஊருக்குத் தலைவன். அவன் தங்கை என்று தெரிந்தால் மச்சிந்தாவுக்குச் சிறைதான். அதற்காகத் தலையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எங்கள் மலையில் செத்தவரின் மண்டையோட்டைத்தான் வீட்டுப் பானையில் வைத்து, பனையெண்ணெய் வார்த்து, நல்லது கெட்டது பேசுவோம். தலை வீடு சேராதவன் அலைவான். பெற்ற பிள்ளை என்றும் பாராமல் வீட்டில் ஒவ்வொருவராக நோய்ப் படுக்கையில் தள்ளுவான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெரேஸ் வந்தாள். அவள் புருஷன் அரசு நியமித்த ஊர்த்தலைவர். அவரைக் காட்டுக்கு இழுத்துப்போய்க் கொன்றவன் வாஃபோ. உடம்பு கிடைக்கவே இல்லை.

"ஐயா, அதை எனக்குக் குடுங்க. எம் பன்னிங்க பட்டினி கெடக்குதுங்க."

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சந்தை கலைந்ததும் மச்சிந்தா தெரேஸின் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மூங்கில் கட்டிலின் மேல், கழுவித் துடைத்த தலைக்குத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் காலியாக ஒரு புதுப்பானை.

"அக்கா, ஒங்க கால்ல விழறேன். குடுத்துடுங்க."

"நீ கொட்டாவி விட்டப்பவே தெரியும், வருவேன்னு." தெரேஸ் நகரவில்லை. "எம் புருஷன எங்க பொதைச்சான்? சொல்லிட்டு எடுத்துட்டுப் போ. அந்தப் பானை அவருக்கு வாங்கினது."

"சத்தியமா தெரியாதுக்கா. கூட இருந்தவனுங்களும் செத்துட்டானுங்க."

"அப்ப அவனையே கேளு. நானும் கேட்டுப் பாத்துட்டேன். எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீ தங்கச்சி."

எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். மச்சிந்தா துணியை விலக்கி, அண்ணனின் நெற்றியில் எண்ணெய் தடவினாள். வாழ்நாளில் முதல்முறையாக அவன்மேல் கோபம் வந்தது.

"அண்ணே, இந்த அக்கா வீட்டுக்காரர எங்க வச்சே?"

தெரேஸ் மூச்சை அடக்கிக் குனிந்து, அந்த மூடிய உதடுகளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.