தபால்தலை அளவு முகம்

அன்று சாயங்காலம் ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்து முனையில் இருந்த டிடிபி கடைக்குள் இருந்தவர்கள்: கம்ப்யூட்டர் முன்னால் கௌஸ் மொய்தீன். அவன் முதுகுக்குப் பின்னால் கடை முதலாளி நூருல்லா. ஸ்டூலில் அஞ்செட்டிப் பக்கத்துச் சென்னம்மா. கதவோரம் அவள் கொழுந்தன் திம்மராயன். திரையில் சென்னம்மாவின் புருஷன் தீர்த்தகிரி, தபால்தலை அளவில்.

தீர்த்தகிரியைக் காணவில்லை. சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. பிரஸ் மெஷினில் தகடு தெறித்துத் தலையில் அடிபட்டதிலிருந்து பேச்சு இல்லை. பேர் கேட்டால் சிரிப்பான். போன வாரம் அவன் பெங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பூக்காரி ஒருத்தி பார்த்திருக்கிறாள். அதற்குமேல் தகவல் இல்லை. விடிந்ததும் திம்மராயன் அத்திப்பள்ளியிலிருந்து கலாசிபாளையம் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டப் போகிறான். நோட்டீஸுக்கு முகம் வேண்டும். வீட்டில் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கேட் பாஸில் ஒரு படம் இருந்தது; வேலையை விட்டு நிறுத்திய அன்றே காண்ட்ராக்டர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அந்தப் படத்தை எடுத்தவன் மொய்தீன்தான். தொண்ணூற்றொன்பது தை மாதம், பெங்களூரில் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில், ஆட்களைச் சுண்ணாம்புச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி எடுத்தான். பாஸில் படத்துக்கு விட்ட இடம் சின்னது. அத்தனை முகமும் ஒரே ஃபிளாப்பியில் அடங்கவேண்டும். எல்லாவற்றையும் சுருக்கினான். பெரிய படங்களை அழித்தான். கம்ப்யூட்டரில் இடமில்லை. மிஞ்சியது அந்த ஃபிளாப்பி மட்டும்.

"பெருசு பண்ணு தம்பி," என்றாள் சென்னம்மா.

பண்ணினான். முகம் வளரவில்லை, கட்டங்கள் வளர்ந்தன. கண் இருந்த இடத்தில் கறுப்புச் சதுரங்கள். மூக்கு ஒரு பழுப்புப் படிக்கட்டு.

"இன்னாப்பா இது, செங்கல் அடுக்கி வெச்சாப்ல?" என்றான் திம்மராயன்.

"இதுக்கு மேல வராதுங்க. படத்துல அவ்ளோதான் இருக்குது."

"சின்னதாக்குனது நீதானே?" சென்னம்மா கேட்டாள். "அப்ப எடுத்தத திருப்பி வெய்யி."

"அரைச்ச ராகிய மறுபடி மணியாக்க முடியுமாக்கா?"

"ராகின்னா வேற வாங்கிக்குவேன்."

அவள் எழுந்து வெளியே போனாள். ரோட்டைத் தாண்டி நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தவள், திரும்பிக் கடைக்குள் பார்த்துக் கத்தினாள்: "அதோ! அவரேதான்!" ஓடிவந்தாள். கிட்டத்தில் வந்ததும் செங்கல். மறுபடி ரோட்டைத் தாண்டினாள், மறுபடி ஓடிவந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"நோட்டீஸ கிட்டத்துல நின்னுதாம்மா படிப்பாங்க," என்றார் நூருல்லா. "இத அச்சடிச்சா என் கடை பேரு என்னாகறது? டேய் மொய்தீன், அண்ணன் தம்பி ஜாடை ஒண்ணுதானே? இவன் கண்ணு மூக்க எடுத்து அதுல ஒட்டு."

திம்மராயனிடம் லைசென்ஸுக்கு எடுத்த போட்டோ இருந்தது. "என் மூக்கு அவ்ளோ லட்சணமில்லீங்க பாயி."

"உங்கண்ணன் பொண்ணு பாக்கவா போறான்? குடு."

மொய்தீன் அதை ஸ்கேன் செய்து ஒட்டினான், ஓரங்களைத் தேய்த்தான், நிறம் சேர்த்தான். கரண்ட் எந்த நேரமும் போகிற ஊர். நாலு தட்டுத் தட்டினால் ஒரு சேவ், அது அவன் விரல்களுக்குப் பழகிப்போனது. முடித்துவிட்டுப் படத்தை மூடி, மறுபடி திறந்து காட்டினான். முகம் தெளிவாக இருந்தது.

சென்னம்மா குனிந்து பார்த்தாள்.

"இது அவரில்ல. கொழுந்தனாரு கண்ணு. இது என்னப் பாக்குது. அவரு யாரையும் நேரா பாக்க மாட்டாரு, தரையத்தான் பாப்பாரு."

"அண்ணி, இது நல்லாத்தானே..."

"அந்தச் செங்கல் படத்தையே குடு தம்பி. சொவத்துல உசரமா ஒட்டறோம். தூரத்துல நின்னு பாத்தா தெரியுதில்ல?"

மொய்தீன் ஃபிளாப்பியைத் திறந்தான். அதே பேரில் ஒரே ஒரு படம். அதில் திம்மராயனின் கண்கள். ஒட்டியதெல்லாம் அதன் மேலேயே சேவ் ஆகியிருந்தது. மூடித் திறந்தான். வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி உள்ளே போட்டான். ஃபிளாப்பியைத் துடைத்து என்ன ஆகப்போகிறது? அவனுக்கே தெரியும்.

"வேற எங்கியாச்சும் வெச்சிருக்கியாடா?" நூருல்லாவின் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல பாய்."

"அழிஞ்சிருச்சா?" என்றாள் சென்னம்மா.

"ஆமாக்கா."

திம்மராயன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். ஸ்டூல் உருண்டது. "ரெண்டு தடவ! ரெண்டு தடவ எங்கண்ணன அழிச்சிருக்கடா நாயே!" நூருல்லா நடுவில் புகுந்து தள்ளினார். மொய்தீன் கையை உயர்த்தவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"உடு அவன," என்றாள் சென்னம்மா. "அஞ்செட்டி பஸ் போயிரும், நீ கெளம்பு. கொழந்தைங்க பசியோட இருக்கும். நான் பெங்களூர் போறேன்."

"அத்திப்பள்ளியத் தாண்டுனதில்ல நீ! அம்மாம்பெரிய ஊர்ல எங்கன்னு தேடுவ?"

"இனிமே அவரு மூஞ்சி எங்கிட்டதான் இருக்குது. நான்தான் போவணும்."

மொய்தீன் ஒட்டுப்போட்ட படத்தை அச்செடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. திம்மராயன் அதைப் பிடுங்கிக் கசக்கி எறிந்துவிட்டு, அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பஸ் நிலையத்துக்கு ஓடினான்.

சென்னம்மா ரோட்டைத் தாண்டி அதே இடத்தில் நின்றாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். மறைக்காமலிருக்க மொய்தீன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தூரத்திலிருந்தாவது தெரியாதா என்று பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னும் என்னாத்தப் பாக்குது அந்தம்மா?" என்றார் நூருல்லா.

அவள் திரும்பிப் பெங்களூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நூருல்லா கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.